சிறு பொக்லைனும் சிறு தொழிலும்

[தஞ்சைக் கடலோரத் தென்னைப் பகுதியில், சுயதொழில் தொடங்க விரும்பும் கிராம இளைஞர்களுக்கென நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை.]



மண் வேலை என்றால் மண்வெட்டியும் கடப்பாரையும் கூடையுமே என்றிருந்த காலம் நம்மில் பலருக்கு இன்னும் நினைவில் உள்ளது. இன்றோ, ஒரு தென்னங்குழி எடுக்கவேண்டுமாயினும், தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கவேண்டுமாயினும், "ஜே.சி.பி.யைக் கூப்பிடு" என்பதே முதற் பேச்சாக இருக்கிறது. சக்கரத்தில் ஓடும் மண் இயந்திரமெல்லாம் ஜே.சி.பி. என்றும், பட்டைச் சங்கிலியில் ஊர்ந்து செல்வதெல்லாம் பொக்லைன் என்றும் நம் மக்கள் பெயரிட்டுவிட்டனர். முன்னது ஓர் ஆங்கிலேய நிறுவனத்தின் பெயர்; பின்னது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். நிறுவனங்களின் பெயர்கள் பொருள்களின் பெயர்களாகவே மாறிவிட்டன என்றால், அவ்வியந்திரங்கள் நம் வாழ்வில் எவ்வளவு தூரம் புகுந்துவிட்டன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இம்முகாமுக்கு வந்துள்ள இளைஞர்களில் பலர், மினி பொக்லைன் ஒன்று வாங்கி வாடகைக்கு விடவேண்டும் என்று தங்கள் விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணமே. அதனை ஊக்குவிப்பது நமது கடமை. ஆயினும், ஊக்குவிப்பதற்கு முன்னர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டிய கடமையும் நமக்கு உண்டு.

ஒரு தாயின் கேள்வி

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நம் கரையைத் தாக்கியதை யார் மறக்கமுடியும்? தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட தென்னைகள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்போது நாம் இம்மாவட்டத்திலேயே வேறோர் ஒன்றியத்தில் துணை வட்டார வளர்ச்சி அலுவலராகப் பணியாற்றினோம். விழுந்த மரங்களை அகற்ற வெளி மாவட்டங்களிலிருந்து இயந்திரங்கள் வந்தன. கேட்ட வாடகையைக் கொடுத்தும் முறை வருவதற்குப் பல நாட்கள் காத்திருக்கவேண்டியிருந்தது.

இதனைக் கண்ட ஓர் இளைஞர், நமக்கே ஓர் இயந்திரம் இருந்தால் என்ன என்று நினைத்தார். தாயின் நகைகளும் நிலத்தின் பட்டாவும் ஈடாயின. ஏறத்தாழ ஏழரை டன் எடையுள்ள, சக்கரத்தில் ஓடும் பழைய இயந்திரம் ஒன்றும், அதனுடன் பாறை உடைக்கும் பிரேக்கரும் வாங்கப்பட்டன. பூசை போட்ட அன்று நம்மையும் அழைத்தார்கள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நாமே தேங்காய் உடைத்து, "இவரைப் பார்த்து மற்றவர்களும் முன்னேறவேண்டும்" என்று நாலு வார்த்தையும் பேசினோம்.

புயல் வேலை அடுத்த கோடையோடு முடிந்தது. அதன் பிறகு வந்த வேலைகள் வேறு வகையானவை. ஆறடி அகலத் தெருவில் குழாய்ப் பள்ளம். வாழை ஊடுபயிராக நிற்கும் தோப்பில் நாற்றுக்குழி. வயல் நடுவே ஓடும் சிறு வாய்க்காலில் தூர். பெரிய இயந்திரம் அவ்விடங்களில் நுழையவில்லை. நுழையக்கூடிய இடங்களிலோ, அதே போன்ற இயந்திரங்கள் முன்னமே பல இருந்தன. பிரேக்கர் கொட்டகையில் துருவேறிக் கிடந்தது. 2021-இல் கடன் கொடுத்தவர்கள் இயந்திரத்தை ஓட்டிச் சென்றுவிட்டார்கள்.

சில நாட்களில் அவருடைய தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார். குறை சொல்ல வரவில்லை. பட்டாவை மீட்க வழி உண்டா என்று கேட்கத்தான் வந்தார். புறப்படும்போது மட்டும், "ஐயா, அன்னைக்கு நீங்கதானே தேங்காய் உடைச்சீங்க?" என்றார். அதற்கு அன்று நம்மிடம் விடை இல்லை. இன்று உங்கள் முன் பேசுவது, அத்தாய்க்கு நாம் காலந்தாழ்த்திக் கூறும் விடையே ஆகும்.

முதலில் வேலை, பிறகு கருவி, கடைசியில் இயந்திரம்

அந்த இளைஞர் சோம்பேறி அல்லர், திறமையற்றவரும் அல்லர். அவர் செய்த பிழை வரிசையைத் தலைகீழாக்கியதே. இயந்திரத்தை முதலில் வாங்கி, அதற்கேற்ற வேலையைப் பிறகு தேடினார். முறையான வரிசை யாதெனில், நம்மைச் சுற்றி என்ன வேலை உள்ளது என்பதை முதலில் அறிதல். அவ்வேலையைச் செய்யும் கருவி எது என்பதை அடுத்து அறிதல். அக்கருவியைத் தாங்கும் இயந்திரம் எது என்பதைக் கடைசியில் தீர்மானித்தல்.

வேலையை அறிவது எவ்வாறு? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஊர்களுக்குச் செல்லுங்கள். சென்ற ஓராண்டில் யார் யார் இயந்திரம் அழைத்தார்கள், எதற்காக, எத்தனை மணி நேரம், எந்த மாதம், என்ன வாடகை என்று கேட்டு எழுதுங்கள். பாதையின் அகலத்தையும் வாயிற்கதவின் அகலத்தையும் டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். இயந்திரம் வேண்டியும் கிடைக்காமற்போன வேலைகளைத் தனிப் பக்கத்தில் குறியுங்கள். உங்கள் தொழில் பெரும்பாலும் அப்பக்கத்தில்தான் இருக்கும்.

எடையும் அளவும்

பொதுவாக ஆறு டன்னுக்கு உட்பட்டவற்றையே மினி பொக்லைன் என்கிறோம். அவற்றிலும் மூன்று வகுப்புகளைக் காணலாம். ஒன்றரை டன் அளவுள்ளது ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமே இருக்கும். வீட்டுச் சந்திலும் நுழையும். இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் ஆழம் தோண்டும். மூன்று டன் அளவுள்ளது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலம். மூன்று மீட்டரை ஒட்டிய ஆழம். ஐந்து டன் அளவுள்ளது இரண்டு மீட்டரை ஒட்டிய அகலம். மூன்றரை மீட்டருக்கு மேலும் தோண்டும்.

ஆழத்தைக் கண்டு மயங்கவேண்டாம். குடிநீர்க் குழாய்க்கு வேண்டியது ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம். சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க்கு அதிற் பாதி. தென்னங்குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். இவ்வேலைகளுக்கு மூன்று டன் இயந்திரம் தாராளமாகப் போதும். வீட்டு அடித்தளமும் கழிவுநீர்த் தொட்டியும் அதிகமுள்ள ஊராயின் ஐந்து டன்னைப் பற்றி நினைக்கலாம். டிப்பர் லாரியில் மண் ஏற்றுவதே முக்கிய வேலையாயின், மினி பொக்லைன் அதற்கு ஏற்றதன்று; அதன் சிறு பக்கெட் லாரியை நிரப்புவதற்குள் பொழுது போய்விடும். அங்கே சக்கரத்து இயந்திரமே சிறந்தது. அது சாலையில் தானே ஓடிச் சென்று சேரும் வசதியும் உடையது.

பட்டையில் ஊரும் மினி பொக்லைனை ஒவ்வோர் இடத்துக்கும் வண்டியில் ஏற்றிச் செல்லவேண்டும். இச்செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று டன் இயந்திரத்தை ஏற்றச் சிறிய லாரியே போதும். ஐந்து டன்னுக்குப் பெரிய வண்டி வேண்டும். இரண்டு மணி நேர வேலைக்காக இருபது கிலோமீட்டர் ஏற்றிச் சென்றால், லாபம் லாரிக்காரருக்கே.

மேலும் மூன்று செய்திகளைக் கவனிக்கவேண்டும். முதலாவது, பின்பாகம். இயந்திரம் சுழலும்போது அதன் பின்பாகம் பட்டைக்கு வெளியே நீளாத அமைப்பு உண்டு. தெருவிலும் மரங்களுக்கு இடையிலும் அது சுவரையும் மரத்தையும் காக்கும். இரண்டாவது, கையின் அடிப்பகுதி இடமும் வலமும் திரும்பும் அமைப்பு. அது இருந்தால் சுவரை ஒட்டியே நீளப் பள்ளம் எடுக்கலாம். மூன்றாவது, ரப்பர் பட்டையா, இரும்புப் பட்டையா என்பது. ரப்பர் பட்டை சிமென்ட் சாலையைக் கெடுக்காது; ஆனால் கூரான கல்லின் மேல் நின்ற இடத்திலேயே திருப்பினால் கிழியும். நம் மணற்பாங்கான தோப்புகளுக்கும் ஊர்த் தெருக்களுக்கும் ரப்பரே ஏற்றது. பட்டையின் வழியாக எடை பரவுவதால், மூன்று டன் இயந்திரம் நிலத்தை அழுத்துவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.3 கிலோ அளவே. அது நின்றுகொண்டிருக்கும் மனிதனின் காலடி அழுத்தத்தோடு ஒப்பிடத்தக்கது. ஈர நிலத்தில் சக்கரம் புதையும் இடத்தில் இது புதையாமல் நிற்பதன் காரணம் இதுவே.

துணைக்கருவிகள்

விற்பவர் துணைக்கருவிகளின் பட்டியலை நீட்டும்போது, திருவிழாக் கடையில் நிற்கும் குழந்தை போல் நாம் ஆகிவிடலாகாது. தொடக்கத்தில் மூன்று பக்கெட்டுகள் போதும். குழாய்ப் பள்ளத்துக்கு ஓரடி அகலமுள்ளது ஒன்று. பொது வேலைக்கு இரண்டடி அளவில் பல் உள்ளது ஒன்று. வாய்க்கால் தூர்வாரவும் வரப்பைச் சமன் செய்யவும் மூன்றடிக்கு மேல் அகலமான, பல் இல்லாதது ஒன்று. ஓரடிப் பள்ளம் போதுமான இடத்தில் இரண்டடிப் பக்கெட்டால் தோண்டினால், இரு மடங்கு மண்ணை எடுத்து இரு மடங்கு மண்ணை மீண்டும் மூடவேண்டும். டீசலும் இரு மடங்கு. திட்டும் இரு மடங்கு. முன்புறத் தகடு பெரும்பாலும் இயந்திரத்துடனேயே வரும். பள்ளத்தை மூடுவதற்கு அதுவே போதும்.

மண் துளைக்கும் டிரில்லைப் பலர் தென்னைக்கென்று வாங்குகிறார்கள். அது ஓரடி அகலத் துளை போடும் கருவி. வேலிக்கால் ஊன்றவும் மரக்கன்று நடவும் மிக நன்று. மூன்றடித் தென்னங்குழிக்கு அது உதவாது. ஈரக் களிமண்ணில் அது துளையின் பக்கங்களை வழவழவென்று இறுக்கிவிடுவதால் இளவேர் ஊடுருவத் திணறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்தைக் கடப்பாரையால் கொத்திவிட்ட பிறகே கன்று நடவேண்டும்.

பிரேக்கர் பணம் ஈட்டும் கருவிதான். ஆனால் இயந்திரத்தைத் தின்னும் கருவியும் அதுவே. ஒரே புள்ளியில் 15 விநாடிக்கு மேல் அடித்தல், கல்லில் ஊன்றாமல் வெறுமனே அடித்தல், உளியை நெம்புகோலாக்கிப் பாறையைப் புரட்டுதல், கிரீஸ் வைக்க மறத்தல் ஆகிய நான்கும் அதன் பகைகள். அந்த அதிர்ச்சி கையின் மூட்டுகளிலும் பற்றவைத்த இடங்களிலும் இறங்கும். பாறையற்ற நம் கடலோரத்தில், ஆண்டுக்குச் சில நாள் வரும் சிமென்ட் உடைக்கும் வேலைக்கு பிரேக்கரை வாடகைக்கு எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

சாய்ந்த தென்னையைத் தூக்கி அடுக்க வேண்டுமாயின், பக்கெட்டுக்கு எதிரே கட்டைவிரல் போல் அமையும் பிடிப்பான் உண்டு. விலையும் குறைவு, தோப்பு வேலைக்குப் பயன் மிகுதி.

எக்கருவியை வாங்கினாலும் நான்கு அளவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கருவியின் எடை, அதற்கு நிமிடத்துக்கு வேண்டிய ஹைட்ராலிக் எண்ணெயின் லிட்டர் அளவு, அழுத்தம், பொருத்தும் பின்களின் தடிப்பும் இடைவெளியும். இவை உங்கள் இயந்திரத்தின் அளவுகளோடு பொருந்தவேண்டும். டிரில் இருபுறமும் சுழல்வது. ஆதலால் அதற்கு எண்ணெய் இருவழியும் பாயவேண்டும். பிரேக்கருக்கு ஒருவழிப் பாய்ச்சலும், எண்ணெய் தடையின்றித் தொட்டிக்குத் திரும்பும் குழாயும் வேண்டும். இக்குழாய் வழிகள் வாங்கும்போதே இயந்திரத்தில் உள்ளனவா என்று பாருங்கள். பக்கெட்டை விரைவாக மாற்றும் கொக்கி வைத்துக்கொண்டால், அதன் பாதுகாப்புப் பின்னைச் செருகாமல் ஒருபோதும் வேலை தொடங்காதீர்கள். கழன்று விழும் பக்கெட் கீழே நிற்பவரின் உயிரைக் கேட்கும்.

வரவும் செலவும்

இனிக் கணக்குக்கு வருவோம். பின்வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்கென நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்த் தொகைகளை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். கடன் 20 லட்சம் ரூபாய், வட்டி 11 விழுக்காடு, தவணைக் காலம் ஐந்தாண்டு என்போம். மாதத் தவணை ஏறத்தாழ 43,500 ரூபாய். ஆப்பரேட்டர் சம்பளம் 18,000. காப்பீடு முதலியன 3,500. ஆக, இயந்திரம் அசையாமல் நின்றாலும் மாதம் 65,000 ரூபாய் வேண்டும்.

மணிக்கு வாடகை 900 ரூபாய் என்போம். டீசலுக்கு 300, எண்ணெய், வடிகட்டி, பின், புஷ், பட்டை ஆகியவற்றுக்கென ஒதுக்கவேண்டியது 125. மீதி 475. மாதச் செலவாகிய 65,000-ஐ 475-ஆல் வகுத்தால் 137 மணி நேரம். இது எளிதென்று தோன்றும். ஆனால் ஆண்டு முழுவதும் வேலை உண்டா? வடகிழக்குப் பருவமழையில் மூன்று மாதம் இயந்திரம் கொட்டகையில் நின்றால், பன்னிரண்டு மாதச் செலவை ஒன்பது மாதத்தில் ஈட்டவேண்டும். அப்போது மாதம் 183 மணி நேரம். நாளொன்றுக்கு 7 மணி வீதம் 26 நாட்கள். அவ்வளவு ஓடினால்தான் நட்டமில்லை. வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட இன்னும் வரவில்லை.

உரிமையாளர் தாமே ஓட்டினால் மாதச் செலவு 47,000 ஆகக் குறைகிறது; வேண்டியது ஒன்பது மாதங்களில் மாதம் 132 மணி நேரம், அதாவது 19 நாட்கள். ஆகவே, இச்சிறு தொழிலில் முதல் லாபம் இயந்திரத்தில் இல்லை. ஓட்டும் கையில் இருக்கிறது. ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் இயந்திரம் வாங்காதீர்கள். குறைந்தது ஒரு பருவமாவது பிறருடைய இயந்திரத்தில் வேலை செய்யுங்கள், அல்லது வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்திப் பாருங்கள். நம் அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் மண் இயந்திரங்களை மணிக்கணக்கில் உழவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. அவ்வாடகையைத் தெரிந்துகொண்ட பின்னரே உங்கள் வாடகையைத் தீர்மானியுங்கள்.

கடன் வசதிகள் பல உள்ளன. 2015-இல் பத்து லட்சம் ரூபாய் வரம்புடன் தொடங்கப்பட்ட முத்ரா கடனின் உச்ச வரம்பு, முன்பு பெற்ற கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சமாக உயரும் என 2024-இல் அறிவிக்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கெனத் தமிழக அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியத்துடன் வந்தது. விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியுங்கள். ஆயின் ஒன்று: மானியம் விலையைக் குறைக்கும், வேலையைக் கொண்டுவராது.

பழைய இயந்திரம் வாங்குவோர், மணிக்காட்டியை மட்டும் நம்பாதீர்கள். பக்கெட்டைத் தரையில் ஊன்றி அசைத்துப் பின்களின் ஆட்டத்தைப் பாருங்கள். கையை உயர்த்தி இயந்திரத்தை நிறுத்துங்கள். சிறிது நேரத்தில் தானே இறங்கினால் ஹைட்ராலிக் கசிவு உண்டென்று பொருள். வெளிநாட்டிலிருந்து வந்ததாயின் சுங்க ஆவணத்தைக் கேளுங்கள். உதிரிப் பொருள் எவ்வூரில் கிடைக்கும், பழுதுபார்ப்பவர் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதை விலையைக் காட்டிலும் முன்னதாகக் கேளுங்கள்.

சட்டத்தையும் மறவாதீர்கள். இரவில் வந்து இரு மடங்கு வாடகை தருகிறேன் என்பவர் பெரும்பாலும் அனுமதியில்லா மணலுக்கே அழைக்கிறார். 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சட்டவிரோதமாக மண் எடுக்கும் இயந்திரத்தையும் வண்டியையும் பறிமுதல் செய்ய இடமளிக்கிறது. மணல் போனவர் போய்விடுவார், தவணை உங்களுடையது.

உழைப்பாளியின் கேள்வி

சென்ற மாதம் ஒரு கிராம சபைக் கூட்டத்தில் முதிய உழைப்பாளி ஒருவர் எழுந்து, "ஐயா, எல்லாத்துக்கும் மிஷின் வந்துட்டா எங்க மண்வெட்டிக்கு என்ன வேலை?" என்று கேட்டார். தட்டிக் கழிக்கத்தக்க கேள்வியன்று இது. 2005-இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் இயற்றப்பட்டபோதே, அதன்கீழான பணிகளைக் கூடுமானவரை கையுழைப்பாலேயே செய்யவேண்டும், உழைப்பாளரை அகற்றும் இயந்திரங்கள் கூடா என விதிக்கப்பட்டது. அவ்விதியின் உட்கருத்தை நாம் மதிக்கவேண்டும். கூலிக்கென வகுக்கப்பட்ட பணியில் இரவோடிரவாக இயந்திரத்தை விட்டு, பகலில் பட்டியல் எழுதுவதற்கு உங்கள் இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள். அது பிறர் சோற்றில் கை வைப்பதாகும்.

அதே சமயம், ஆட்கள் கிடைக்காமல் தூர்ந்து கிடக்கும் கடைமடை வாய்க்கால்கள் உள்ளன. மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன் அவற்றைச் சீர்செய்தால்தான் தண்ணீர் வந்து சேரும். அங்கே இயந்திரம் உழவனின் துணைவன். தோண்டுவதை இயந்திரம் செய்யட்டும்; குழாய் பதிக்கவும், கரை கட்டவும், கன்று நடவும் நம் ஊர் ஆட்களையே உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரே குழுவாக வேலையை எடுத்து முடித்துக் கொடுப்பவருக்கே மறுபடியும் அழைப்பு வரும்.

நிறைவாக ஒரு செய்தி. நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் கடனைத் தீர்த்த அந்த இளைஞர், இன்று வேறொருவரின் மூன்று டன் பொக்லைனை ஓட்டி வருகிறார். இப்பகுதியின் சிறந்த ஆப்பரேட்டர்களுள் ஒருவர். பிற்பகல் செயல்முறை விளக்கத்தில் இயந்திரத்தை இயக்கிக் காட்டவிருப்பவர் அவரே. தம் கதையைச் சொல்லலாம் என்று நமக்கு இசைவு தந்தவரும் அவரே. அவருடைய நோட்டுப் புத்தகத்தில் மூன்று ஆண்டு வேலைகள் மணி வாரியாக எழுதப்பட்டுள்ளன. அடுத்த ஆண்டு சொந்தமாக ஒன்று வாங்க எண்ணியிருக்கிறார். இம்முறை அவருடைய கணக்கை நாமும் வரி வரியாகப் படித்துப் பார்த்தோம்.

நீங்களும் உங்கள் நோட்டுப் புத்தகத்துடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கணக்கைச் சேர்ந்து பார்ப்போம். அது சரியாக இருந்தால், பூசை அன்று தேங்காய் உடைக்கவும் வருவோம்.